கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

ஜூன் 4, செவ்வாய்

என் மகளுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்கு என்னை மன்னித்துவிடு. ஒவ்வொரு வரியும் நேராகத்தான் கிளம்புகிறது. பாதி வழியில் பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி கீழே இறங்கிவிடுகிறது. சில எழுத்து குண்டு, சில எழுத்து நோஞ்சான். தாளில் அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். பூச்சி அரித்தது இல்லை. நான் அழுத்தி எழுதிய இடங்கள் அவை. பேனாவை ஸ்பானர் மாதிரிப் பிடிக்காதீர்கள் என்று டீச்சரம்மா தினமும் சொல்கிறார். ஆயுசு முழுக்க ஸ்பானர் பிடித்த கை, வேறு எப்படிப் பிடிக்கும்?

இதை நானே எழுதுகிறேன். இன்னொரு தரமும் சொல்லிவிடுகிறேன். நானேதான் எழுதுகிறேன். பக்கத்து மருந்துக்கடைத் தம்பி எழுதிக் கொடுத்தது இல்லை. அவர் உறையின் மேல் உன் விலாசம் எழுதட்டுமா என்று கேட்டார். அதையும் விடவில்லை.

உன் அம்மா போன பிறகு என்னோடு வந்துவிடுங்கள் என்று நீ கேட்டாய். நான் வரவில்லை என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போனாய். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போனில் கூப்பிட்டாய். என் காதுக்கு அது டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற சத்தமாகத்தான் கேட்டது. காது மெஷின் போட்டால் வண்டு பெரிசாகிறது, பேச்சு பெரிசாகவில்லை. நான் ‘சரி சரி’ என்று சொல்லுவேன். நீ என்ன கேட்டாய் என்று தெரியாமலே சொல்லுவேன். ஒரு நாள் நீ அழுதிருக்கிறாய், அதற்கும் நான் ‘சரி சரி’ என்றிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்ட மருந்துக்கடைத் தம்பி பிறகு சொன்னார். அன்றைக்குத்தான் நூலகத்துக்குப் பின்னால் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

என் பக்கத்து இருக்கையில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அம்மாள் இருக்கிறார். அவர் என்னைப் பார்த்து எழுதுவார், நான் அவரைப் பார்த்து எழுதுவேன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தப்பு வரும்.

நீ அனுப்பிய போட்டோவைத் தம்பி காட்டினார். நம் வாயாடிக்குப் பல்லில் கிளிப் போட்டாயிற்று என்றார். போட்டோவில் அவள் வாயைக் கையால் மூடியிருக்கிறாள். என் காதில் கையைக் குவித்துவைத்துக் கத்துவாளே, அதே கை. வலிக்கிறதா அவளுக்கு? மேலே அண்ணத்தில் ஒரு தகடு வைத்து, நடுவில் திருகு வைத்து, நீயே சாவி போட்டுத் திருப்ப வேண்டும் என்றும் தம்பி சொன்னார். சாவி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தொழில்!

கீழே இருப்பதை வாயாடிக்கு வாசித்துக் காட்டு.

வாயாடி, தாத்தா சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சக்கரம் சாய்ந்து ஆடும். தாத்தா ஒரு சின்னச் சாவியால் கம்பிகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவேன். ஆட்டம் நின்றுவிடும். உன் வாயிலும் அதே வேலைதான் நடக்கிறது. அவசரம் மட்டும் கூடாது. ஒரேயடியாக முறுக்கினால் கம்பி ‘டிங்’ என்று தெறித்துப் பறந்துவிடும். ஒருமுறை அப்படிப் பறந்த கம்பி எதிர்க்கடைத் தையல்காரர் தலைக்கு மேலே சுவரில் போய்க் குத்தி நின்றது. அதிலிருந்து அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை.

இந்தத் தாளை எழுதி முடிக்க நான்கு மாலை ஆயிற்று. கை வலிக்கிறது. அதுவும் சந்தோஷமாக இருக்கிறது.

உன் அப்பா


ஜூன் 13, வியாழன்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசல் படியில் நின்றே படித்தேன். உங்கள் எழுத்து என்று நம்பவே நேரமாயிற்று. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை.

நீங்கள் எழுதியதை நான் வாசித்துக் காட்டவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள். ‘டிங்’ என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அதுவரை எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி குத்துகிற இடத்தில் மெழுகு உருட்டி ஒட்டுவேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள். பாலில் ஊறிய ரொட்டியும் மசித்த வாழைப்பழமும் சாப்பிடுவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும், நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாவியை ஒரு தரம் திருப்புவேன். மூக்கு வரைக்கும் இறுக்குகிறது என்று அழுவாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கப் போனவள் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்திருந்தது.

‘தாத்தா சொன்னார்ல? ஒரேயடியா முறுக்கினா தெறிச்சிடும்னு சொன்னார்ல? நீ முறுக்கிட்டே. விட்டுப்போச்சு பாரு.’

‘இல்லடி கண்ணு, இது அப்படித்தான் ஆகும். டாக்டர் சொல்லியிருக்கார்.’

‘பொய். நீ இப்பதான் சொல்றே.’

அதுதான் அவள் கடைசியாக முழுசாகப் பேசிய பேச்சு. அன்றிலிருந்து உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். தலையை ஆட்டுகிறாள், விரலால் காட்டுகிறாள். சாப்பாடு உறிஞ்சு குழாயில்தான். வகுப்பில் ஒரு பெண் அவளை ‘இரும்புக்கடை’ என்று கூப்பிடுகிறாளாம். டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவள் சொல்லவில்லை. நம் வாயாடி, அப்பா. தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

சாவியைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். ஒரு நாள் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைக் கடித்தாள். கிளிப் போட்ட பல்லால் கடித்ததில் அவளுக்கும் ரத்தம், எனக்கும் ரத்தம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அழகுக்காக நான் இதைச் செய்யவில்லை. மேல்தாடை குறுகலாக இருக்கிறது. கீழ்ப்பல் வெளியே முட்டுகிறது. ஒரு பக்கமாகவே மென்று மென்று தாடை கோணிக்கொண்டு வருகிறது. இந்த வயதில்தான் எலும்பு இளகிக் கொடுக்குமாம். விட்டுவிட்டால் பெரியவள் ஆனதும் அறுவைச் சிகிச்சை. மாதக் கடைசியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் மறுபடியும் திருப்ப ஆரம்பிக்காவிட்டால் தகட்டை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. திருப்பாத தகட்டை வாயில் வைத்து என்ன செய்வது? இவள் அப்பா கப்பலில் இருக்கிறார். கரை சேர்ந்தால் போன் செய்வார், ‘தைரியமா இரு’ என்பார். நான் நாள் முழுக்க அச்சகத்தில் பிழை பார்த்துவிட்டு வந்து, என் குழந்தைக்கு நானே வலி கொடுக்க வேண்டும். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கிறது?

நீங்கள் வேடிக்கையாகத்தான் எழுதினீர்கள். தெரியும். ஆனால் வலியைப் பற்றி எழுத நீங்கள் யார்? நான் உங்களைக் கூட்டிப்போய் அளவெடுக்க வைத்து வாங்கிக் கொடுத்த பல் செட் எங்கே? ‘வாய்க்குள்ள செங்கல் வெச்ச மாதிரி இருக்கு’ என்று சொல்லிக் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தீர்கள். ஒரு வாரம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

நீங்கள் என்னோடு வந்திருந்தால், நான் சாவியைப் பிடிக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருக்கும். எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மகள்


ஜூன் 20, வியாழன்

என் மகளுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். மெதுவாகப் படித்தேன். அதனால் வலியும் மெதுவாக வந்தது. ரத்தம் என்ற சொல்லை முதலில் வேறு ஏதோ என்று நினைத்து மூன்று தரம் படித்தேன்.

நீ கேட்டது சரி. படித்து முடித்ததும் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். கைக்குட்டை இருந்தது, அதற்குள் பல் செட் இருந்தது. கழுவி வாயில் வைத்தேன். மறுபடியும் செங்கல்தான். எடுக்கவில்லை.

முதல் நாள் எச்சில் வடிந்தது. இரண்டாம் நாள் நாக்குக்கு எங்கே போய்ப் படுப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கீழ் ஈறில் ஒரு பக்கம் புண்ணாகிவிட்டது. மருந்துக்கடைத் தம்பியிடம் ஏதோ சொன்னேன், அவர் சிரித்தார். நான் பேசும்போது விசில் அடிக்கிறதாம். எனக்கே கேட்காத விசிலைத் தெரு முழுக்க அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வகுப்பில் பாத்திரம் கழுவுகிற அம்மாள், ‘யாரோ என்னைப் பாத்து விசிலடிக்கிறாங்கன்னு நினைச்சேன், நீங்களா?’ என்று தாளில் எழுதிக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்ததும் எல்லாரும் கிண்டல் செய்யவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு செட் செய்து கொடுத்தவரிடமே போனேன். சின்ன அறை. நாற்காலி, விளக்கு, செட்டைத் தேய்த்து ராவுகிற மெஷின். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே மெஷினைக் கிட்டக் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல், ஓர் ஆள் கையில் சுற்றுகிற இரும்போடு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. வாயாடிக்குத் தெரியும். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்கு இத்தனை வயது.

அவர் கோபப்படவில்லை. மெஷினை நிறுத்திக் கீழே வைத்தார். ஒரு கைக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். புண் இருக்கிற இடத்தையும் அவர் ராவப் போகிற இடத்தையும் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். ஒரு சீட்டில் எழுதினார்: ‘கை தூக்கினால் நிறுத்துவேன்.’ நான் படித்தேன். அவர் எழுதியதை நான் படித்தேன்! அந்த நாற்காலியிலும் எனக்கு அதுதான் பெரிசாக இருந்தது.

செட்டை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தார். கை தூக்கினேன், நிறுத்தினார். எடுத்து ராவினார், மறுபடி வைத்தார். கை தூக்கினேன், நிறுத்தினார். ஒருமுறை வலிக்காமலே தூக்கினேன், நிறுத்துகிறாரா பார்க்கலாம் என்று. அப்போதும் நிறுத்தினார். அதற்கப்புறம் நான் கையைத் தூக்கவே இல்லை. வலித்தது, ஆனாலும் தூக்கவில்லை. ஏன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்னும் சரியாகத் தெரியவில்லை. நிறுத்துவார் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

புறப்படும்போது அதே சீட்டின் பின்புறம் நான் எழுதிக் கேட்டேன்: ‘பேத்தி. எட்டு வயது. தகடு. முன்பல் நடுவில் சந்து. பல் தெறித்துவிடுமா?’ எழுத நேரமாயிற்று. அவர் காத்திருந்தார். பதில் எழுதினார்: ‘தெறிக்காது. சந்து வந்தால் தகடு வேலை செய்கிறது என்று அர்த்தம். எலும்பு விலகி, நடுவில் புது எலும்பு நிறையும். பிறகு பல் தானே கிட்ட வரும்.’

நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் என்று நான் கேட்க மாட்டேன். அவள் பயப்படுவாள் என்று சொல்லாமல் விட்டிருப்பாய். நான் அவள் சிரிக்க வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன்.

வாயாடிக்குத் தனியாக எழுதுகிறேன். இதையும் அவளே படிக்கட்டும்.

வாயாடி, தாத்தா சொன்னது தப்பு. சக்கரத்துக் கம்பி இரும்பு. இரும்பு வளராது, அதனால் தெறிக்கும். உன் வாய் வளர்கிற வாய். அது இடம் கொடுக்கும். சந்து விழுந்தது விட்டுப்போனதால் இல்லை, இடம் கொடுத்ததால். பல் செட் செய்கிறவர் எழுதிக் கொடுத்தார். தாத்தாவும் இப்போது வாயில் ஒன்று மாட்டியிருக்கிறேன். புண்ணாகிவிட்டது. பேசினால் விசில் அடிக்கிறதாம். உனக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது? எனக்கு இடது பக்கம், கீழே. அம்மாவிடம் சொல்லு: கை தூக்கினால் நிறுத்த வேண்டும். தாத்தாவுக்கு நிறுத்தினார்கள்.

கடைசியாக நீ எழுதியதற்குப் பதில். அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உன் வீட்டில் எல்லாரும் பேசுவீர்கள். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். உன் அம்மா இருந்தவரை என் முழங்காலில் தட்டி, யார் என்ன சொன்னார் என்று என் பக்கம் திரும்பி மெதுவாக வாயை அசைப்பாள். அவள் போன பிறகு உன் வீட்டுக்கு வந்து ஓர் அலமாரி மாதிரி உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. உன் மேல் கோபம் இல்லை. அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதத் தெரிகிறது.

உன் அப்பா


ஜூன் 30, ஞாயிறு

அன்புள்ள அப்பா,

அவள் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். டார்ச் லைட்டோடு. பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. தாத்தாவுக்கும் இடது பக்கம், எனக்கும் இடது பக்கம் என்று சொல்கிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

மறுநாள் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் அவளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மடியில் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், கையில் என் முகம் பார்க்கிற கண்ணாடி. நான் சாவியை எடுத்தேன். கை தூக்கினாள். நிறுத்தினேன். கையை இறக்கினாள். நான் குனிந்தேன், தூக்கினாள். சாவி வாய்க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, அப்பா. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டுப் படுக்கவே போய்விட்டார்கள். நாங்கள் அதே இடத்தில், தூக்குவதும் இறக்குவதுமாக. எனக்குப் பொறுமை போய், ‘விளையாடறியா?’ என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் வலிக்காமலே ஒரு தரம் தூக்கியது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் வாயைத் திறந்தாள். சாவியைத் திருகில் பொருத்தினேன். திருப்பப் போகும்போது கை மறுபடியும் மேலே போயிற்று. எடுத்துவிட்டேன். அப்போதுதான் பேசினாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம்.

‘நீ கண்ணை மூடிக்கிறே.’

‘இல்லையே.’

‘மூடிக்கிறேம்மா. எப்பவும் திருப்பும்போது மூடிக்கிறே. நீயே பாக்க மாட்டேங்கிறே, அப்ப உள்ள என்னவோ ஆவுதுதானே?’

அப்பா, நான் கண்ணால் பிழைக்கிறவள். அச்சகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த ஒரு நொடி மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. முதல் நாளிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள். மடியில் தலை வைத்து, அண்ணாந்து, என் மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டு. அவளைப் பயமுறுத்தியது நீங்கள் எழுதிய கம்பி என்று நான் உங்களைக் குற்றம் சொன்னேன். கம்பி ஒரு பங்குதான். மற்றதெல்லாம் என் முகத்தில் இருந்திருக்கிறது. சந்து விழும் என்று டாக்டர் சொன்னதையும் நான்தான் மறைத்தேன். நீங்கள் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கேட்காமல் விட்டதுதான் இன்னும் உறைத்தது.

‘இப்ப மூட மாட்டேன். நீயும் கண்ணாடியில பாரு. ரெண்டு பேரும் பாப்போம்.’

அவள் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை என் கை மேல் வைத்தாள். தூக்கவில்லை, என் கை மேல் வைத்தாள். சேர்ந்து திருப்பினோம். நான் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை, அப்பா. ஒரு சின்னத் திருகு கொஞ்சம் நகர்கிறது, அவ்வளவுதான். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ‘மூக்குல இறுக்குது’ என்றாள். ‘தெரியும்’ என்றேன். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே தெரிந்தது.

வலி போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் சில நாள் அழுகிறாள். போன வியாழக்கிழமை முடியவே முடியாது என்றாள். நிறுத்தினேன். மறுநாள் திருப்பினோம். பள்ளிக்கூடத்தில் பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் அந்தப் பெண் ‘இரும்புக்கடை’ என்றபோது, ‘எங்க தாத்தா நெசமாவே இரும்புக்கடை மாதிரிதான் கடை வெச்சிருந்தார், உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்டாளாம்.

நேற்று டாக்டரிடம் போனோம். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் இவள் அவரிடம், ‘கை தூக்கினா நிறுத்தணும்’ என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். ‘சரிங்க மேடம்’ என்றார். அளந்து பார்த்தார். சில நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை, தகடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் அலமாரி என்று எழுதியதை நான் இன்னும் கடந்துபோகவில்லை. நான் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேனே தவிர, வந்தால் உங்களிடம் எப்படிப் பேசுவது என்று யோசிக்கவில்லை. அம்மா செய்ததை நான் கவனித்ததே இல்லை. முழங்காலில் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பழக்கம் என்று நினைத்தேன்.

ஒரு விஷயம். அச்சகத்தில் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் என் பேனா தானாகத் திருத்தப் போகும். உங்கள் இரண்டு கடிதத்திலும் ஒரு கோடு போடவில்லை. போடவும் மாட்டேன்.

கீழே அவள் எழுதியிருக்கிறாள். என்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் மகள்

தாத்தா, பல் பறக்கல. சந்து இப்ப பெரிசாயிடுச்சு. அது வழியா தண்ணி பீச்சினா கண்ணாடி வரைக்கும் போகுது. அம்மா திட்டினா. உன் பல்லுல சந்து இருக்கா? இருந்தா பீச்சிப் பாரு. எவ்ளோ தூரம் போச்சுன்னு எழுது.


ஜூலை 6, சனி

என் மகளுக்கும் வாயாடிக்கும்,

வரி இந்தத் தடவை அவ்வளவாக இறங்கவில்லை, கவனித்தாயா? டீச்சரம்மா அளவுகோலை வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். ஓட்டையும் ஒன்றுதான். அது ‘பறக்கல’ என்ற சொல்லுக்குப் பதில் எழுதத் தொடங்கிய இடம்.

அந்தச் சொல்லை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மருந்துக்கடையில் எடுத்துக் காட்டினேன். வகுப்பில் காட்டினேன். பாத்திரம் கழுவுகிற அம்மாள் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ‘பீச்சிப் பாத்தீங்களா?’ என்று எழுதிக் கேட்டார்.

வாயாடி, பார்த்தேன். என் பல்லில் சந்து இல்லை. நெருக்கமாகச் செய்து கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் நீ சொல்லிவிட்டாயே என்று கொல்லைக் குழாயடியில் நின்று வாய் நிறையத் தண்ணீர் வைத்து, கன்னத்தை உப்பி, முழு பலத்தோடு ஊதினேன். தண்ணீர் போகவில்லை. மேல் செட் முழுசாகக் கழன்று பறந்துபோய் வாளிக்குள் விழுந்தது. மருந்துக்கடைத் தம்பி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். துணியை விட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் சிரிக்கும்போதே நானும் சிரித்தேன். பிறகு இல்லை, அதே நேரத்தில்.

ஆக, பறந்தது என் பல்தான். உன்னுடையது ஒன்றும் பறக்காது. தையல்காரருக்கும் ஆபத்தில்லை.

மகளே, நீ கண்ணைத் திறந்து பார்த்ததை நான் பல தடவை படித்தேன். கடையில் நான் கோட்டம் எடுக்கும்போது நீ சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வாய். கம்பி தெறிக்கும் என்ற பயம். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை.

அடுத்த தரம் டாக்டரிடம் போகிற நாளைக் குறித்து அனுப்பு. வருகிறேன். அங்கேயே தங்கிவிடுவேன் என்று இப்போது எழுதவில்லை. வருகிறேன் என்று எழுதுகிறேன். வாயாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளக் காது தேவையில்லை. யாராவது ஏதாவது சொல்லிச் சிரித்தால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டு. இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் காட்டு, படித்துவிடுவேன். மெதுவாகப் படிப்பேன். அதுவரை எல்லாரும் சிரிப்பை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். நான் கையை இறக்கியதும் சிரிக்கலாம்.

கை அசந்துவிட்டது. கீழ் ஈறு இன்னும் இடது பக்கம் கொஞ்சம் எரிகிறது. எடுக்கவில்லை. அடுத்த வாரம் இதே சனிக்கிழமை, கெட்டியான ரொட்டி ஓரத்தைத் தின்று பார்த்து, மென்றேனா விழுங்கினேனா என்று வாயாடிக்கு உண்மையை எழுதுவேன்.

உன் அப்பா
உன் தாத்தா